துப்பிய காய் பிடித்த காயாகுமா?

காய் மசியலைக் குழந்தை முகம் சுளித்துத் துப்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பிடிவாதமன்று. நஞ்சுள்ள தாவரங்கள் பலவும் கசப்பவை. ஆகவே கசப்பையும் புதுச் சுவையையும் ஐயுறுவது இயற்கை அளித்த காவல்.

இக்காவலைத் தளர்த்துவது எப்படி? பிரான்சின் திஜோன் நகரத் தாய்மார் காய்களை அடிக்கடி மாற்றி ஊட்டினர். ஜெர்மனியின் ஆலன் நகரத்தார் அவ்வளவாக மாற்றவில்லை. இரு நகரங்களிலும் நடந்து 2008இல் வெளியான சோதனையில், தினம் ஒரு காய் உண்ட குழந்தைகளே புதிய உணவை எளிதில் ஏற்றன.

துப்பிய காய்க்கும் வழியுண்டு. 2007இல் வெளியான ஆய்வில், 7 மாதக் குழந்தைகள் 49 பேருக்குத் தாய்மார் கைவிட்ட காயையே ஒருநாள் விட்டு ஒருநாள் 8 முறை கொடுத்தனர். முடிவில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் அதைப் பிடித்த காயைப் போலவே உண்டன!

இனி உங்கள் தம்பி துப்பினால் அதட்டாதீர்கள். ஒருநாள் விட்டு இன்னொரு கரண்டி கொடுத்துப் பாருங்கள்.