எந்த என்ஜினை வாங்குவது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உருவாகும் மோட்டார் கார்களில் பல, வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் மூடிய வண்டிகளில் ஏற்றப்பட்டு வடக்கே செல்கின்றன. அந்தக் காரை வாங்குகிறவர் பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே பணம் கொடுக்கிறார். அப்படியானால், அந்தக் கார்களையெல்லாம் இழுத்துச் செல்லும் ரயில் என்ஜினை வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார்? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

நீராவி என்ஜின்கள் ஆட்சி செலுத்திய 1962-ஆம் ஆண்டில் நம் ரயில்வே ஒரு சோதனை செய்தது. அமெரிக்காவிலிருந்து இருவகை டீசல் என்ஜின்கள் வந்து இறங்கின. ஆல்கோ கம்பெனியின் என்ஜினுக்கு டபிள்யூ.டி.எம்.-2 என்றும், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் என்ஜினுக்கு டபிள்யூ.டி.எம்.-4 என்றும் பெயர். இதில் முதல் எழுத்து அகலப் பாதையையும், அடுத்தது டீசலையும், மூன்றாவது பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் உரியது என்பதையும் குறிக்கும். இரண்டுக்கும் ஆற்றல் ஒன்றே: 2,600 குதிரைத் திறன். ஆயினும் உள்ளே வேறுபாடு உண்டு. ஆல்கோ நான்கு வீச்சு இயந்திரம். அதன் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால்தான் ஒரு முறை ஆற்றல் கிடைக்கும். மற்றது இரு வீச்சு இயந்திரம். இரண்டு வீச்சிலேயே ஆற்றல் தரும்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் சளைத்ததன்று. 1969 மார்ச்சில் ஹௌராவுக்கும் புது டில்லிக்கும் இடையே ஓடத் தொடங்கிய முதல் ராஜதானி விரைவு வண்டியை இழுத்தது அதுதான். எனினும் அவ்வகையில் 72 என்ஜின்களோடு கொள்முதல் நின்றது. ஆல்கோ வகையோ இரண்டாயிரத்துக்கு மேல் பெருகிற்று. காரணம் இரும்பில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. தன் வரைபடங்களையும் செய்முறையையும் நமக்குக் கற்றுத்தர ஆல்கோ இசைந்தது. வாராணசியில் எழுந்த டீசல் என்ஜின் தொழிற்சாலை தன் முதல் என்ஜினை 1964 ஜனவரியில் வெளியிட்டது. 1969-இல் ஆல்கோ என்ஜின் தொழிலையே விட்டுவிட்டது. வாராணசியில் மட்டும் வேலை நிற்கவில்லை. செய்யக் கற்றுக்கொண்டவனுக்கு, விற்றவன் கடையை மூடினால் என்ன?

ஈரோட்டிலும் திருச்சி பொன்மலையிலும் அந்த வகை என்ஜின்களைப் பேணிய பணிமனைகள் இருந்தன. அங்கே கவனத்தை ஈர்க்கும் சிறு பொருள் ஒன்று உண்டு: கார்பன் பிரஷ். டீசல் என்ஜின் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது மின்சாரத்தை உண்டாக்குகிறது. அச்சுகளோடு இணைந்த மோட்டார்கள் அந்த மின்சாரத்தால் சுழல்கின்றன. பழைய வகையில் இவை நேர்மின்னோட்ட மோட்டார்கள். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்வது உராய்ந்தபடியே இருக்கும் இந்தக் கார்பன் துண்டுதான். உராய்ந்தால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆறு மோட்டார், ஒவ்வொன்றிலும் பல பிரஷ். ஓர் என்ஜினின் விலை வாங்கிய அன்றோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1995-இல் ரயில்வே மீண்டும் சந்தைக்குச் சென்றது. இம்முறை ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் தர ஒப்பந்தம் செய்தது. அதன்படி வந்த டபிள்யூ.டி.ஜி.-4 என்ஜினுக்கு 4,000 குதிரைத் திறன். அதில் மூன்று கட்ட மாறுமின்னோட்ட மோட்டார்கள். கார்பன் பிரஷ் இல்லை. இதைவிட முக்கியம் பிடிமானம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் நிற்கும் இடம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே இருக்கும். பாரம் கூடினால், மழை பெய்தால், சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். குதிரைத் திறன் எவ்வளவு இருந்தும் அப்போது பயனில்லை. புதிய என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாடு, வழுக்கல் தொடங்கும்போதே அதை உணர்ந்து மோட்டாரின் முறுக்கத்தைக் குறைத்துப் பிடிமானத்தை மீட்கிறது. அதனால் அதே பாரத்தைக் குறைந்த எண்ணிக்கை என்ஜின்களால் இழுக்க முடிகிறது.

ஆனால் புதியது எல்லா வகையிலும் எளிது என்று எண்ண வேண்டா. ஆல்கோ என்ஜினில் பழுது வந்தால், அனுபவமுள்ள ஃபிட்டர் காதால் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். புதியதில் கோளாறு ஓர் அட்டைக்குள் ஒளிந்திருக்கும். கணினித் திரையில்தான் தேட வேண்டும். ஆகவே என்ஜினோடு கருவிகளையும், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆட்களையும் உருவாக்க வேண்டியிருந்தது. விலைப் பட்டியலில் இந்தச் செலவு தெரியாது.

பிறகு மின்பாதை பெருகியது; டீசலின் தேவை குறைந்தது. அப்போது வாராணசித் தொழிற்சாலை ஒரு புதுமை செய்தது. ஆல்கோ வழிவந்த இரண்டு டீசல் என்ஜின்களின் உடலை வைத்துக்கொண்டு, உள்ளிருந்த இயந்திரத்தை அகற்றி, இரட்டை மின்சார என்ஜினாக 2018-இல் மாற்றியது. அதன் ஆற்றல் 10,000 குதிரைத் திறன். வரைபடம் கையில் இருந்ததால், எதை வெட்டுவது, எதை விடுவது என்று எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.