பழைய சரக்கும் சரக்கே!



தேங்கிய சரக்கைக் கண்டால் நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். பருப்பில் வண்டு விழுந்தால் போட்ட முதல் போயிற்று. ஆனால் பழைய அரிசிக்குப் புது அரிசியைவிட விலை கூடுதல் என்பதும் நாம் அறிந்ததே. இதே கணக்கு ரேடியோ உதிரிபாகத் தொழிலிலும் நடக்கிறது.

மின்சார கிடார் வாசிப்பவர்கள் ஒலியைத் தூக்கிக் கொடுக்க ஒரு சிறு பெட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதன் முன்னோடிகளில் ஒன்று, 1960-களில் லண்டன் டல்லாஸ் நிறுவனம் விற்ற 'ரேஞ்ச்மாஸ்டர்'. உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், சில சில்லறைப் பாகங்கள், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். அயர்லாந்தின் ரோரி கல்லகர் போன்ற கலைஞர்களால் அது புகழ் பெற்றது. இன்றும் கைவினைஞர்கள் அதே மாதிரியில் ஒவ்வொன்றாகக் கையால் செய்து விற்கிறார்கள்.

சிலிக்கான் வந்தபின் ஜெர்மானியத்தைச் சந்தை கைவிட்டது. எனவே, அந்நாளில் விற்காமல் நின்ற சரக்கைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். நம் நாட்டுச் சரக்கும் அதில் உண்டு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹாலந்து பிலிப்ஸ் கூட்டுறவுடன் 1962-இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தயாரிப்பில் இறங்கியது. ரேடியோ பழுது பார்த்தவர்களுக்கு அதன் 'ஏசி 128' நன்கு தெரிந்த பெயர். அதையும் வெளிநாட்டுக் கைவினைஞர்கள் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பழையது என்பதற்காக எல்லாம் விலை போகாது. ஜெர்மானியத்தில் மின்சாரம் சிறிது கசியும். சாதாரண மீட்டர் அந்தக் கசிவையும் சேர்த்துப் பெருக்கமாகக் காட்டிவிடும். ஈர மிளகாயை நிறுத்தால் தண்ணீரும் எடையில் ஏறுவதில்லையா, அதைப் போலத்தான். கசிவைத் தனியே அளந்து கழித்தால்தான் உண்மை தெரியும். ஒரே பெட்டியில் இருப்பவைகூட ஒன்றுபோல் இரா. ஒவ்வொன்றாகச் சோதித்துத் தரம் பிரிக்க வேண்டும். விலையில் பெரும்பகுதி அந்த உழைப்புக்கே.

வெப்பமும் இதற்குப் பகை. சுமார் 10 டிகிரி ஏறினால் கசிவு இரு மடங்காகும். எங்கள் நோணாங்குப்பம் போன்ற ஊர்களில் கோடை வெயிலோடு உப்புக் காற்றும் சேர்ந்து கம்பிக்கால்களைத் துருவேற்றும். ஆகவே ஈரம் படாமல், தகரக் கூரைச் சூடு தாக்காமல் வைத்திருப்பது அவசியம்.

நாம் கற்க வேண்டியது இதுதான். கிடங்கின் மூலையில் கிடப்பதை எடைக்குப் போடுமுன் ஒரு சிட்டை எழுதிப் பார்ப்போம். அது யாருக்குத் தேவை என்று விசாரிப்போம். விற்கும்போது நல்லதை நல்லதென்றும் குறையுள்ளதைக் குறையுள்ளதென்றும் சொல்லியே விற்போம். தரம் பிரிக்காமல் கலந்து விற்றால் ஒருமுறை இலாபம் வரும். மறுமுறை வாடிக்கையாளர் வரமாட்டார்.