மூலை மட்டமும் கைமர நீளமும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று மீண்டும் வீடு கட்டத் தொடங்கும்போது கையில் இருப்பது கொஞ்ச மரமே. குறைத்து வெட்டிய மரத்தை நீட்ட முடியாது. மூலை கோணினால் கூரையும் சுவரில் சரிவரப் பொருந்தாது. இந்த இழப்பைத் தவிர்க்க, கயிறும் அளவு நாடாவும் பாடசாலையில் நாம் படித்த பைதகரசின் தேற்றமும் போதும்.

செங்கோண முக்கோணியில் செங்கோணத்துக்கு எதிரேயுள்ள நீண்ட பக்கம் செம்பக்கம் எனப்படும். மற்றைய இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் செம்பக்கத்தின் வர்க்கம் கிடைக்கும். பக்கங்கள் 3, 4 எனின், 9உம் 16உம் சேர்ந்து 25. எனவே செம்பக்கம் 5. பைதகரஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே பாபிலோனியர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

அத்திவாரம் வெட்டுமுன்:

மூலையில் ஒரு முளை அடித்து, அதிலிருந்து இரு பக்கமும் கயிறு கட்டுங்கள். ஒரு கயிற்றில் 6 அடியிலும் மற்றதில் 8 அடியிலும் அடையாளமிடுங்கள். இரு அடையாளங்களுக்கும் இடையே சரியாக 10 அடி வந்தால் மூலை மட்டம். கூடினால் மூலை விரிந்துள்ளது, குறைந்தால் ஒடுங்கியுள்ளது. வீடு 16 அடி அகலமும் 30 அடி நீளமும் எனின், குறுக்கே மூலைக்கு மூலை அளக்கும்போது இரண்டு அளவும் 34 அடியாக இருக்க வேண்டும்.

கைமரம் வெட்டுமுன்:

இதே வீட்டின் அகலத்திற் பாதி 8 அடி. சுவர் மட்டத்திலிருந்து முகடு 6 அடி உயரம் எனக் கொள்வோம். 64உம் 36உம் சேர்ந்து 100. அதன் வர்க்கமூலம் 10. தாழ்வாரத்துக்கு 1 அடி சேர்த்தால் 11 அடி மரம் தேவை.

கையிலுள்ளது 10 அடி மரம் மட்டுமா? தாழ்வாரத்துக்கு 1 அடி போக மீதி 9 அடி. 81இலிருந்து 64ஐக் கழித்தால் 17. நான்கின் வர்க்கம் 16 ஆகையால், முகடு 4 அடிக்குச் சற்றுக் கூடவே உயரும். தகரக் கூரைக்கு இச்சரிவு போதும். கிடுகுக்குப் போதாது, மழைநீர் உள்ளே இறங்கும். கிடுகுதான் போடுவதானால் வீட்டின் அகலத்தைக் குறைக்க வேண்டும். அதை அத்திவாரம் வெட்டுமுன்பே தீர்மானிப்பது நல்லது.

வாளை எடுக்குமுன் இக்கணக்கை உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மரமும் மிஞ்சும், பாடமும் மறக்காது.