ஊரில்லாத சிரிப்பு

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். அக்கா மகன் 'மோட்டு பட்லு' பார்த்துக்கிட்டிருந்தான். "இவங்க எந்த ஊருடா?" "ஃபுர்ஃபுரி நகர், மாமா." அப்படியொரு ஊர் எங்கேயும் கிடையாது. எந்த மொழியிலும் விற்க வசதியாக ஊர் துடைக்கப்பட்டிருக்கிறது.

'லோட்போட்' என்ற இந்திச் சிறுவர் இதழின் படக்கதைப் பாத்திரங்கள் இவர்கள். மும்பையின் மாயா டிஜிட்டல் ஸ்டுடியோஸ் அசையவைக்க, 2012இல் நிக்கலோடியனில் தொடரானார்கள், 2016இல் திரைப்படம். தடியனுக்குச் சமோசா, ஒல்லிக்கு யோசனை என்ற சூத்திரம் மாறவேயில்லை. ஊர்தான் இல்லை, மையம் இருக்கிறது. இந்தி மூலத்தில் இன்ஸ்பெக்டர் சிங்கம் பேசுவது தெற்கத்தி வாடையடிக்கும் இந்தி. அதாவது, நம்ம நாக்குதான் அங்கே வேடிக்கை. அதையே தமிழில் டப்பிங் செய்தால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

தஞ்சை மராட்டியர் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் தோல்பாவைக்கூத்திலும் ஒரு கோமாளி இணை உண்டு: உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். ராமன் கதைக்கு நடுவே புகுந்து, கூத்து நடக்கிற ஊரின் சமாசாரத்தையே கேலி பேசுவார்கள். தூர்வாராத வாய்க்காலுக்கும் அதில் இடமுண்டு. டப்பிங் பிரதிக்கு அந்த உரிமை கிடையாது. ஏற்கெனவே வரைந்த உதடசைவுதான் அதன் எல்லை.

பையனிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கச் சொல்லவில்லை. தண்ணி வராத ஊரில் நின்றுகொண்டு கேலி பேசுகிற கார்ட்டூனை நம்மில் யார் எழுதப்போகிறோம் என்றுதான் கேட்கிறேன்.