கடைக்காரரின் மாதமும் வங்கியின் கட்டணமும்

நாவலப்பிட்டிக் கடைவீதியில் மாதத்தின் எல்லா நாட்களும் ஒரே தன்மையனவல்ல. தோட்டங்களிற் சம்பளம் வழங்கப்படும் பத்தாந் திகதியை அண்டிய நாட்களில், சுற்றிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து மக்கள் குடும்பத்தோடு பட்டினத்துக்கு இறங்கி வருவர். பலசரக்குக் கடையிலும் புடைவைக் கடையிலும் நிற்க இடமிராது. கடன் கொப்பியில் எழுதப்பட்ட பழைய பாக்கிகள் தீர்க்கப்படும். பதினைந்தாந் திகதி கழிந்தபின் கூட்டம் மெல்லக் குறையும். இருபத்தைந்தாந் திகதியளவில் கடைக்காரர் மறுபடியும் அதே கொப்பியைத் திறந்து கடன் எழுதத் தொடங்கிவிடுவார்.

இந்த ஏற்றவிறக்கத்தைக் கடைக்காரர் தமது உள்ளங்கையைப் போல அறிவார். ஆனால், அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கி, தனது கட்டணப் பட்டியலை வகுத்தபோது நாவலப்பிட்டியின் மாதத்தை எண்ணி வகுத்ததன்று. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். ஆகவே, ‘எந்த வங்கியிற் கட்டணம் குறைவு?’ என்னும் கேள்விக்குக் கொழும்பு வியாபாரிக்கு ஒரு விடையும் நமது ஊர் வியாபாரிக்கு வேறொரு விடையும் கிடைத்தால் அதில் வியப்பில்லை. பட்டியலை மாத்திரம் வாசித்து விடை காண இயலாது. கடையின் மாதத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும்.

சிறு வியாபாரிக்கு வங்கிக் கணக்கு என்பதே இந்நாட்டில் அத்துணைப் பழைய வழக்கமன்று. புகைவண்டிப் பாதை 1874 ஆம் ஆண்டு நாவலப்பிட்டியை வந்தடைந்தபோது, இங்கிருந்த வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்குமே உரியனவாயிருந்தன. கோப்பிப் பயிர் நோயினால் அழிந்த காலத்தில், 1884 இல், ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் கலங்கி நின்றபோது, தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்து நிலைமையைக் காத்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1888 இல், நமக்கு மேலேயுள்ள அட்டனில் ஹட்டன் வங்கி தோன்றிற்று. 1970 இல் ஹட்டன் நஷனல் வங்கியாக மாறியது அதுவேயாகும். அதுவும் தோட்டங்களின் தேவைக்காகவே பிறந்தது.

அப்படியாயின் கடைவீதி வியாபாரி பணத்துக்கு எங்கே போனார்? நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கிட்டங்கிக்கே போனார். வெள்ளைக்காரர் வங்கிகள் உள்நாட்டு வியாபாரியை நேரடியாக நம்பிக் கடன் கொடுப்பதில்லை. ‘சிறாப்பர்’ என்னும் பிணையாளர் ஒருவர் உத்தரவாதம் கொடுக்கவேண்டும். செட்டியார் வங்கியிற் கடன் பெற்று, தமது ஆதாயத்தையும் சேர்த்து வியாபாரிக்குக் கடன் கொடுப்பார். வியாபாரி செலுத்திய கட்டணம் அக்காலத்தில் வட்டிக்குள்ளே மறைந்திருந்தது எனலாம். செட்டிமார்மீது பழி கூறுவது சிலருக்கு வழக்கம். நாம் அதற்கு உடன்படோம். வங்கிகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் திறந்திருந்தது அவர்களுடைய கதவொன்றே.

1925 இல் ஒரு பெரிய செட்டியார் தாபனம் முறிந்ததும், வங்கிகள் செட்டிமாருக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கிக்கொண்டன. அதன் அடி சிறு வியாபாரிமீது விழுந்தது. 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு, அரசாங்க உதவியுடன் ஒரு வங்கி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1939 ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி கொழும்பிலே திறக்கப்பட்டது. 1941 இல் கண்டிக்கும் வந்தது. 1961 இல் மக்கள் வங்கி பிறந்தது. இன்று நாவலப்பிட்டியிலேயே அரச வங்கிகளின் கிளைகளும் தனியார் வங்கிகளின் கிளைகளும் இருக்கின்றன. தெரிவு செய்ய இடமுண்டு என்பதே நமது பாட்டன்மார் காணாத பாக்கியம். ஆனால் தெரிவு செய்வதற்குக் கணக்குத் தெரியவேண்டுமல்லவா?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிந்து, அப்பத்திரத்துடன் வங்கிக்குச் செல்பவர் திறப்பது பெரும்பாலும் நடைமுறைக் கணக்கு. அதற்குப் பொதுவாக வட்டி கிடையாது. அதில் வந்து சேரும் கட்டணங்களோ பல. காசோலைப் புத்தகத்துக்கு ஒன்று. இருப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் ஒன்று. காசோலை திரும்பினால் ஒன்று. கொடுத்த காசோலையை நிறுத்தச் சொன்னால் ஒன்று. வேறு வங்கிக்குப் பணம் அனுப்பினால் ஒன்று. மேலதிகப் பற்றுக்கு வட்டி வேறு. போதாக்குறைக்கு, 2002 முதல் 2011 வரை, கணக்கிலிருந்து எடுக்கும் ஆயிரம் ரூபாவுக்கு ஒரு ரூபா வீதம் அரசாங்கமும் பற்று வரி என்று அறவிட்டது. அது ஒழிந்தமை வியாபாரிகளுக்கு ஆறுதலே.

இனி ஓர் உதாரணம் பார்ப்போம். இலக்கங்கள் நாம் கற்பித்தவை, எந்த வங்கியினுடையனவுமல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொண்டு கூடவே கூட்டிப் பார்க்கலாம்.

ஒரு பலசரக்குக் கடை. மாதம் 20 காசோலை எழுதுகிறது. 8 தடவை வேறு வங்கிகளுக்குப் பணம் அனுப்புகிறது. முதலாம் வங்கி 10,000 ரூபா இருப்பு இருந்தாற் போதும் என்கிறது. காசோலைத் தாள் ஒன்றுக்கு 30 ரூபா. பணம் அனுப்ப ஒவ்வொரு முறையும் 100 ரூபா. ஆக, காசோலைக்கு 600, அனுப்புவதற்கு 800, மொத்தம் மாதம் 1,400 ரூபா. இரண்டாம் வங்கி 50,000 ரூபா இருப்புக் கேட்கிறது. தாள் 20 ரூபா, அனுப்புவது இலவசம். மொத்தம் 400 ரூபாவே. பட்டியலைப் பார்த்த எவரும் இரண்டாம் வங்கிக்கே ஓடுவர்.

சற்றுப் பொறுக்க வேண்டும். இரண்டாம் வங்கியில் 40,000 ரூபா அதிகமாக முடங்கிக் கிடக்கிறது. கடைக்காரருக்கு வேறிடத்தில் நூற்றுக்கு 12 வட்டியிற் கடன் இருக்குமாயின், அப்பணத்தைக் கொண்டு கடனைக் குறைத்திருந்தால் ஆண்டுக்கு 4,800, அதாவது மாதம் 400 ரூபா மிஞ்சியிருக்கும். அதுவும் ஒரு செலவே. கணக்குக் கூற்றில் அச்சாகாத செலவு. ஆகவே உண்மைச் செலவு 800 ரூபா. அப்போதும் இரண்டாம் வங்கியே 600 ரூபா மலிவு.

நாவலப்பிட்டியின் மாதம் குறுக்கே வருவது இங்கேதான். இருபத்தைந்தாந் திகதி கடையிற் பணமில்லை. கொப்பியிலே கடன்தான் இருக்கிறது. இருப்பு 35,000 ஆக இறங்கிவிடுகிறது. அதற்கு வங்கி 750 ரூபா தண்டம் அறவிட்டால் செலவு 1,550 ஆகிறது. மலிவான வங்கி விலை கூடிய வங்கியாகிவிட்டது!

ஆனால் இதற்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. குறைந்த இருப்பு என்பதை எவ்வாறு கணிக்கிறார்கள்? மாதத்தில் ஒரு நாள் இறங்கினாலும் தண்டமா, அல்லது முழு மாதத்தின் சராசரி பார்க்கப்படுமா? சராசரியாயின், சம்பளத்தை அண்டிய நாட்களில் நிரம்பிய கணக்கு மாதக் கடைசியின் குறையை ஈடுசெய்துவிடும், தண்டம் இராது. தோட்டப்புறப் பட்டினத்துக் கடைக்காரர் வங்கி முகாமையாளரிடம் முதன்முதற் கேட்கவேண்டிய கேள்வி இதுவென்றே நாம் கருதுகிறோம். பலர் இதனைக் கேட்பதில்லை. தமிழில் விளக்கம் கேட்கவும் சிலர் கூச்சப்படுகின்றனர். கட்டணம் செலுத்துபவருக்குக் கூச்சம் எதற்கு?

காசோலை திரும்பும் விடயம் இதனினும் பாரதூரமானது. நமது கடைக்காரர்கள் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் சரக்கெடுத்து, பின்திகதியிட்ட காசோலை கொடுப்பது வழக்கம். அக்காசோலை ஐந்தாந் திகதிக்கு எழுதப்பட்டால் என்னவாகும்? சம்பளத்துக்கு முந்திய வரட்சியான நாள் அது. கணக்கிற் பணமில்லாமற் காசோலை திரும்பினால், வங்கிக் கட்டணம் ஒருபுறமிருக்க, அடுத்த லொறியிற் சரக்கு வராது. பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். அதே காசோலையைப் பதினைந்தாந் திகதிக்கோ பதினெட்டாந் திகதிக்கோ எழுதித்தர மொத்த வியாபாரியை இணங்கச் செய்தால், வங்கியை மாற்றாமலே செலவு குறையும்.

காசோலையின் ஆட்சி இப்போது தளர்ந்துவருகிறது. 2015 முதல் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குக் கைத்தொலைபேசி மூலம் உடனுக்குடன் பணம் அனுப்பும் பொது ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. 2018 இல் இலங்கை மத்திய வங்கி ‘லங்காகியூஆர்’ என்னும் பொதுக் குறியீட்டு முறையை அறிவித்தது. வாடிக்கையாளர் சதுரக் குறியீட்டைத் தொலைபேசியாற் படமெடுத்துப் பணம் செலுத்த, கடைக்காரரிடம் ஒரு சிறு கழிவு அறவிடப்படும். அட்டை இயந்திரத்துக்கும் கழிவு உண்டு. இந்தியாவில் யூபிஐ முறைக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கழிவு வாங்கலாகாதென்று அரசாங்கம் விதித்தது. பலசரக்குக் கடையின் இலாபமோ மெல்லியது. அரிசியிலும் மாவிலும் நூற்றுக்கு நான்கு ஐந்து கிடைப்பவர், அதில் இரண்டைக் கழிவாகக் கொடுத்தால் மிஞ்சுவது யாது? புடைவைக் கடைக்கு அதே கழிவு அவ்வளவு பாரமாகத் தோன்றாது.

வங்கிக் கட்டணம் பெரிய நாடுகளிலும் பிணக்குக்குரிய பொருளாகவே இருந்திருக்கிறது. பிரித்தானியாவில் 2002 இல் போட்டி ஆணைக்குழு விசாரணை நடத்தி, நான்கு பெரிய வங்கிகள் சிறு வியாபாரிகளிடம் மிதமிஞ்சி அறவிட்டன என்று தீர்மானித்தது. நடைமுறைக் கணக்குக்கு வட்டி கொடுங்கள், அல்லது கட்டணத்தை விடுங்கள் என்று அவ்வங்கிகளுக்கு இங்கிலாந்தில் நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒரு வங்கியை விட்டு மற்றொன்றுக்கு மாறுவதில் வியாபாரிகள் காட்டிய தயக்கமும் அவ்விலைக்கு ஒரு காரணமாயிற்று.

இங்கு அத்தகைய தீர்ப்பு வந்ததில்லை. ஆயினும், கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்னும் கடப்பாடு வங்கிகளுக்கு உண்டு. 2023 இல் வெளியான நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதனை வலியுறுத்துகின்றன. வங்கியிடம் எழுத்தில் முறையிட்டும் தகுந்த பதில் கிடையாதவர், 1935 என்னும் இலக்கத்தில் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுடன் பேசலாம்.

வங்கி மாறத் துணிந்தவருக்கு ஒரு வார்த்தை. பழைய கணக்கை உடனே மூடிவிடலாகாது. ஏற்கெனவே கொடுத்த பின்திகதிக் காசோலைகள் யாவும் வந்து தீருமட்டும் அதில் வேண்டிய பணத்தை விட்டுவைத்தல் அவசியம். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்து எவை வந்தன, எவை வரவில்லை என்று குறித்துக்கொண்டு, கடைசிக் காசோலை வந்தபின்னர், எஞ்சிய வெற்றுத் தாள்களை வங்கியிற் கையளித்துக் கணக்கை மூடலாம். அதனையும் சம்பளம் கழிந்த வாரத்தில் வைத்துக்கொண்டாற் புதிய கணக்கு நிறைந்த இருப்போடு தொடங்கும்.