உங்களைவிடப் பலசாலி பிடித்தால்? அறிவியல் காட்டும் வழி

மாணவர்களே, பகடிவதை செய்பவன் தன்னைவிடப் பெரிய ஆளைத் தேடிப் போவதில்லை. தன்னைவிடச் சிறியவரைத்தான் தேர்ந்தெடுக்கிறான். ஆகவே, எதிரில் நிற்பவர் உங்களைவிட உயரமானவர், எடை கூடியவர் என்று வைத்துக்கொண்டுதான் தற்காப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, பகாவ், கெமெஞ்சே வட்டாரத் தோட்டங்களிலிருந்து பள்ளிக்கு வருபவர்களுக்கு ஒரு பாதை நன்றாகத் தெரியும். பேருந்து நிற்கும் பெரிய சாலையிலிருந்து, செம்பனை வரிசைகளுக்கு நடுவே, லயத்து வீடுகள்வரை செல்லும் மண் சாலை அது. அங்கே கத்தினாலும் ஆள் வர நேரமாகும். அந்தச் சில நிமிடங்களில் உங்களுக்குக் கைகொடுப்பது நீங்கள் வகுப்பில் ஏற்கெனவே படித்த பாடங்கள்தாம்.

தள்ளுமுள்ளில் ஏன் தோற்கிறோம்?

உங்கள் எடை 45 கிலோ, எதிராளியின் எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒருவரையொருவர் தள்ளுகிறீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, இருவர் மீதும் ஒரே அளவு விசைதான் செயல்படுகிறது. அப்படியானால் நீங்கள் மட்டும் ஏன் பின்னால் சறுக்குகிறீர்கள்?

காரணம் உராய்வு. கால் சறுக்காமல் பிடித்து நிறுத்துவது, தரைக்கும் காலணிக்கும் இடையே உள்ள உராய்வு விசை. உராய்வுக் கெழு 0.6 என்று கொண்டால், உங்கள் கால்கள் ஏறக்குறைய 45 × 10 × 0.6 = 270 நியூட்டன்வரை தாங்கும். எதிராளியின் கால்கள் 80 × 10 × 0.6 = 480 நியூட்டன்வரை தாங்கும். 270-ஐத் தாண்டியதும் நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள், அவர் அசையமாட்டார். எடையோடு எடையை மோதவிடுவது தோற்கும் கணக்கு.

ஆனால் முழு எடையையும் முன்னால் போட்டுத் தள்ளுகிறவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. அவருடைய புவியீர்ப்பு மையம் கால்விரல்களுக்கு மேலே வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் எதிர்த்துத் தள்ளாமல் ஓர் எட்டு பக்கவாட்டில் விலகினால், அவரைத் தாங்கி நின்ற விசை இல்லாமல் போகிறது. மையம் அடித்தளத்தைத் தாண்டுகிறது, அவர் தடுமாறுகிறார். ஓடுவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான்.

நீங்கள் எப்படி நிற்க வேண்டும்?

உயரம் குறைவாகவும் அடித்தளம் அகலமாகவும் உள்ள பொருள் எளிதில் சாயாது என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கால்களைத் தோள் அகலத்திற்கு விரித்து, ஒரு காலைச் சற்றே பின்னால் வைத்து, முழங்காலை லேசாக மடக்குங்கள். கபடி ஆட்டக்காரர் நிற்பதும் இப்படித்தான். உள்ளங்கைகளை விரித்து மார்புக்கு முன்னால் வையுங்கள். பார்ப்பவருக்கு அது சண்டைக்கு அழைப்பதாகத் தெரியாது; முகத்தை மட்டும் காக்கும்.

ஒருவேளை கீழே விழுந்துவிட்டால், நாம் தெங்கிலிங் என்று சொல்லும் எறும்புத்தின்னியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பல்லே கிடையாது. ஆபத்து வந்ததும் மென்மையான வயிற்றை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்கிறது. வெளியே இருப்பது நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆன செதில்கள். நமக்குச் செதில் இல்லை; ஆனாலும் உடலைச் சுருட்டி, இரு கைகளாலும் தலையையும் பின்கழுத்தையும் மூடிக்கொள்ளலாம். வாய்ப்புக் கிடைத்ததும் எழுந்து ஓடுங்கள்.

கட்டைவிரல்தான் வாசல்

மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் பெரும்பாலோர் கையைப் பின்னால் இழுப்பார்கள். அது எதிராளியின் முழுப் பிடியோடும் இழுபறி செய்வதாகும். பிடித்திருக்கும் கையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் நான்கு விரல்கள், மறுபக்கம் ஒற்றைக் கட்டைவிரல். அது விரல்நுனிகளைச் சந்திக்கும் இடம்தான் பிடியின் பலவீனமான பகுதி.

உங்கள் முன்கையை ஒரு நெம்புகோலாக நினையுங்கள். மணிக்கட்டின் மெல்லிய ஓரம் அந்த இடைவெளியை நோக்கி இருக்குமாறு கையைத் திருப்புங்கள். பிறகு முழங்கையை எதிராளியை நோக்கிக் கொண்டுபோய், கையை அந்த இடைவெளி வழியாகச் சட்டென்று மேலே எடுங்கள். முழங்கையில் நீங்கள் தரும் விசை 100 நியூட்டன், பிடி இருக்கும் இடத்திலிருந்து முழங்கைக்குத் தூரம் 25 செ.மீ, கட்டைவிரலுக்குத் தூரம் 5 செ.மீ என்று கொண்டால், 100 × 25 = 500 × 5. அதாவது கட்டைவிரல் 500 நியூட்டனைத் தாங்க வேண்டியிருக்கும். மனித உடல் கணக்குப் புத்தகம்போல் அவ்வளவு துல்லியமாக நடக்காது. என்றாலும், சிறிய விசை ஏன் பெரிய பிடியைத் திறக்கிறது என்பதற்குக் காரணம் இதுவே.

சிலம்பம் கற்றுத் தரும் தூரம்

தமிழர்கள் கடல் கடந்து பால்மரக் காடுகளுக்கு வந்தபோது கூடவே வந்த கலை சிலம்பம். அதன் இயற்பியலும் நெம்புகோல்தான். நெற்றியளவு உயரமுள்ள கம்பை வினாடிக்கு 2 சுற்று சுழற்றினால், கையிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியிருக்கும் நுனி 2 × 3.14 × 1.2 × 2, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 54 கிலோமீட்டர்! கையோ சிறிதளவே அசைகிறது.

பள்ளிக்குக் கம்பு கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. ஆனால் சிலம்ப ஆசான் முதலில் சொல்லித் தருவது கம்பை அல்ல, காலடியை. எதிராளியின் கை எட்டாத தூரத்தில் நிற்பதும், நேர்க்கோட்டிலிருந்து விலகுவதும் கம்பு இல்லாமலும் பயன்படும்.

தூரம் ஏன் முக்கியம்? ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஓர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். கீழ்முனையில் விரல்களைத் திறந்து வைத்திருக்கும் நீங்கள் அதைப் பிடியுங்கள். 20 செ.மீ விழுந்த பிறகு பிடித்தால், உங்கள் கண்ணும் மூளையும் தசையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவருபவர் அதற்குள் 1 மீட்டர் நெருங்கிவிடுவார். ஆகவே சந்தேகம் வந்தவுடனே இரண்டு கை நீளமாவது தள்ளி நில்லுங்கள்.

பயம் வந்தால் என்ன ஆகும்?

அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், கை நடுங்கும். இது கோழைத்தனம் இல்லை. பெரிய தசைகளுக்கு இரத்தத்தை அனுப்பி, ஓடவோ போராடவோ உடல் தயாராகிறது. விரல்களின் நுணுக்கமான வேலை அப்போது சரிவராது. அதனால்தான் படத்தில் பார்க்கும் பத்துப் பூட்டுகளைவிட, நன்றாகப் பழகிய ஒரே ஓர் அசைவு மேலானது. உரத்த குரலில் "விடு!" என்று கத்துங்கள். அது அக்கம்பக்கத்தை எழுப்பும். உள்ளே அடைபட்ட மூச்சையும் வெளியேற்றும்.

எல்லை எது?

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. உங்களையும் பிறரையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமையில்லை. பிடி விட்டு ஆபத்து நீங்கிய பிறகு திரும்பிப் போய் அடித்தால், அது தற்காப்பு ஆகாது.

கத்தி போன்ற ஆயுதம் தெரிந்தால், இங்கே சொன்ன எதையும் முயலாதீர்கள். கைப்பேசியையோ பணத்தையோ கொடுத்துவிட்டு விலகுங்கள். பொருளை மீண்டும் வாங்கலாம்.

கைவிடுவிப்பை நண்பருடன் மெதுவாக, பெரியவர் மேற்பார்வையில் பழகுங்கள். தொடையைத் தட்டினால் உடனே நிறுத்த வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று. பகடிவதை நடந்தால் அன்றே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். அவசரத்திற்கு 999, ஆலோசனைக்கும் உதவிக்கும் தாலியான் காசே 15999. உங்களைவிடப் பெரியவரை எதிர்கொள்ளும்போது, உங்கள் பக்கமும் பெரியவர்கள் இருக்க வேண்டும்.