துள்ளும் மீனிலும் நஞ்சு உண்டு

திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாயானாலும் சரி, ஊர்க் குட்டையானாலும் சரி, மீன் துள்ளுவதால் மட்டும் தண்ணீர் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவை மக்குவதில்லை. வண்டலில் தங்கி, புழு பூச்சி வழியே மீன் உடலில் சேருகின்றன. ஈயமும் காட்மியமும் செவுள், ஈரல், சிறுநீரகத்தில் அதிகம் தங்கும். பாதரசம் சதையிலேயே ஏறும். கழுவினாலும் சமைத்தாலும் போகாது. சிறுமீனைத் தின்னும் விராலில் அது கூடுதலாகும்.

கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் தயாரித்த ஆலை 2001-ல் மூடப்பட்டது. அங்கு பரவிய பாதரசம் பற்றி 2006-ல் வெளியான ஆய்வு, கொடை ஏரி மீன்களிலும் அது சேர்ந்திருப்பதைக் காட்டியது.

எனவே, மீன் வளர்ப்போர் பழைய பேட்டரியும் முலாம் பட்டறைக் கழிவும் வரத்துக் கால்வாயில் விழாமல் காக்க வேண்டும். சமைக்குமுன் செவுள், குடல், ஈரலை நீக்கிவிடுவது நல்லது.